கொமோடோ டிராகனைப் பார்க்க எந்தத் தீவு, எந்தப் படகு?

பாலிக்குப் போகத் திட்டம் போடும் நண்பர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: "அவ்வளவு தூரம் போறோம், அந்தப் பெரிய உடும்பையும் பாத்துட்டு வந்துடலாமா? எந்தப் படகு எடுக்கலாம்?" கூடவே நாலைந்து விலைப்பட்டியலையும் அனுப்புவார்கள். ஒன்றில் ஒரே நாளில் ஆறு இடம். இன்னொன்றில் இரண்டு இரவு படகிலேயே தங்கல். வேறொன்று பாலிக்குப் பக்கத்து லோம்போக் தீவிலிருந்தே கிளம்பும் நான்கு நாள் பயணம். எல்லாவற்றிலும் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு டிராகன் படம் இருக்கும். தாளில் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். கரையில் இறங்கியபின் தெரிவது வேறு.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை வேகப்படகில் ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றினேன். இரண்டாம் முறை மெதுவான மரப்படகில் ரிஞ்சா தீவுக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம்தான் இதை எழுத வைத்தது.

## முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம்

கொமோடோ தேசியப் பூங்கா இந்தோனேசியாவில், சும்பாவா தீவுக்கும் ஃபுளோரெஸ் தீவுக்கும் இடைப்பட்ட கடலில் இருக்கிறது. 1980இல் தேசியப் பூங்காவானது. 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெரிய தீவுகள் மூன்று: கொமோடோ, ரிஞ்சா, படார். இவற்றுக்கெல்லாம் வாசல் ஃபுளோரெஸின் மேற்கு முனையில் இருக்கும் லபுவான் பாஜோ என்ற துறைமுக ஊர். பாலியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஜகார்த்தாவிலிருந்தும் நேரடி விமானம் உண்டு.

பெயர்தான் டிராகன், உயிரோ நம் ஊர் உடும்பின் இனம்தான். நன்கு வளர்ந்த ஆண் மூன்று மீட்டர் வரை நீளும், எழுபது கிலோவைத் தாண்டும். காட்டில் மொத்தம் ஏறத்தாழ மூவாயிரம்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி கொமோடோவிலும் ரிஞ்சாவிலும். 2021இல் இதை 'அழியும் அபாயத்தில் உள்ள' இனமாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது.

வெப்பமண்டலத் தீவு என்றதும் பச்சைப்பசேல் மழைக்காட்டைக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். இந்தோனேசியாவிலேயே வறண்ட பகுதிகளில் இது ஒன்று. கரையில் இறங்கி நடக்க ஆரம்பித்ததும் நான் பார்த்தது பனை மரம், புளிய மரம், இலந்தைப் புதர், இடுப்பளவு காய்ந்த புல். கொஞ்ச நேரம் ராமநாதபுரம் பக்கம் எங்கோ நிற்கிறோமோ என்றே தோன்றியது. அந்தப் புளிய மரத்தின் நிழலில் படுத்திருந்ததுதான் நான் பார்த்த முதல் டிராகன்.

## எதை வைத்து முடிவு செய்வது?

பலரும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதை மூன்றாவது இடத்தில் வைப்பேன்.

முதல் அளவுகோல், டிராகன் இருக்கும் தரையில் எத்தனை நிமிடம், எந்த வேளையில் என்பது. இது ஊர்வன. காலை வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, ஏழிலிருந்து பத்து மணிக்குள் நடமாடும். வெயில் ஏறினால் நிழலில் தாடையைத் தரையில் பதித்துப் படுத்துவிடும். சாயங்காலம் வரை அசையாது. "பொம்மை மாதிரி கிடந்தது, அவ்வளவுதான்" என்று திரும்பி வந்து சொல்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

இரண்டாவது, கடலும் உங்கள் உடம்பும். இந்தத் தீவுகளுக்கு இடையே ஓடும் நீரோட்டம் சாதாரணமானதல்ல. வடக்கே ஃபுளோரெஸ் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல் பக்கத்து நீர். இரண்டும் குறுகிய கால்வாய்களில் புகுந்து வெளியேறுகின்றன. பார்க்கத் தெளிவாக இருக்கும் கடலில் திடீரென்று சுழல்கள் தெரியும். குமட்டல் வருகிறவர்கள், முதுகுவலி உள்ளவர்கள், சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, சொன்ன விலைக்கும் கடைசியில் கொடுத்த விலைக்கும் உள்ள தூரம். நான்காவது, யாருக்குப் பணம் போகிறது, அந்த உயிருக்கு நம்மால் என்ன ஆகிறது என்பது. இது சிலருக்குப் பெரிதாகப் படாது. எனக்குப் படுகிறது.

## வேகப்படகில் ஒரே நாள், ஆறு இடம்

லபுவான் பாஜோவில் அதிகம் விற்பது இதுதான். காலை ஆறு மணிவாக்கில் கிளம்பும். முதலில் படார் தீவு. நூற்றுக்கணக்கான படிகள் ஏறினால் மேலிருந்து மூன்று வளைகுடாக்கள் ஒரே நேரத்தில் தெரியும். இந்தோனேசிய ரூபாய் நோட்டில் ஏற்றும் அளவுக்குப் பேர்போன காட்சி. அப்புறம் இளஞ்சிவப்பு மணல் கடற்கரை. வெள்ளை மணலோடு நுண்ணுயிர்களின் சிவப்பு ஓடுகள் பொடியாகிக் கலப்பதால் வரும் நிறம் அது. அதன் பின் கொமோடோ தீவில் டிராகன் பார்க்க இறங்கும் லோ லியாங். பிறகு மந்தா திருக்கைகள் வரும் இடம், ஒரு மணல்திட்டு, நேரம் இருந்தால் இன்னொரு சின்னத் தீவு. மாலை ஐந்துக்குள் துறைமுகம்.

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் வரிசையில். சூரியன் ஏறுமுன் படார் ஏற வேண்டும் என்பதால் டிராகன் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்படுகிறது. நான் போன அன்று லோ லியாங் கரையில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. எங்களுக்கு முன்பே ஏழெட்டுப் படகுகள் கட்டிக் கிடந்தன. வழிகாட்டி வேகமாக அழைத்துப் போனார்; தண்ணீர்க் குட்டை அருகே இரண்டு டிராகன் படுத்திருந்தன. வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் பின்னால் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். முப்பத்தைந்து நிமிடத்தில் மறுபடி படகு. இரண்டில் ஒன்றுகூடக் கண்ணிமையைத் தவிர எதையும் அசைக்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். என்னிடம் சொன்ன விலையில் பூங்காக் கட்டணம் சேரவில்லை என்பது படகு கிளம்பும் காலையில்தான் தெரிந்தது. நுழைவு, வழிகாட்டி, நடைப்பயணம், முக்குளிப்பு என்று தனித்தனியாக வாங்குகிறார்கள். வெளிநாட்டவருக்குத் தொகை கூடுதல். ட்ரோன் பறக்கவிட்டால் அதற்குத் தனி. பதிவு செய்யும்போதே "பூங்காக் கட்டணம் எல்லாம் உள்ளடக்கமா, எழுத்தில் தருகிறீர்களா" என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, அலை உள்ள நாளில் வேகப்படகு தண்ணீரில் அறைந்து அறைந்து போகும். பின்பக்கம் உட்காருவது முதுகுக்கு நல்லது. முன்பக்கம் இளைஞர்களுக்கு விட்டுவிடுங்கள்.

சரி, இது யாருக்குப் பொருந்தும்? ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, டிராகனும் பார்க்க வேண்டும், கடலும் மலையும் பார்க்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை, இதுவே சரி. பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று வயதானவர்கள் என்றால் அவர்களுக்கு இந்த ஓட்டம் பிடிக்கவும் செய்யும். டிராகனுக்காகவே வருகிறவர் என்றால் வேண்டாம்.

## மரப்படகில் ரிஞ்சா மட்டும்

ரிஞ்சா லபுவான் பாஜோவுக்கு அருகில் இருக்கும் தீவு. கொமோடோவுக்கு மரப்படகில் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும் என்றால் ரிஞ்சாவுக்கு இரண்டு மணி நேரம் போதும். அதனால்தான் இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது: ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டுக்குள் லோ புவாயாவில் இறங்கிவிடலாம். 'லோ' என்றால் வளைகுடா, 'புவாயா' என்றால் முதலை. முதலை வளைகுடா என்ற பெயர் கொண்ட இடத்தில்தான் உடும்பைப் பார்க்கப் போகிறோம்.

இரண்டாம் முறை போனபோது எங்கள் படகுதான் அன்று முதலில் கரை சேர்ந்தது. வனத்துறை வழிகாட்டி கவட்டை போலப் பிரிந்த நீண்ட கம்பு ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தார். டிராகன் நெருங்கினால் அந்தக் கவட்டையைக் கழுத்தில் வைத்துத் தள்ளிவிடுவார்களாம். அது போதும் என்றார். மணல் பாதையில் குனிந்து காட்டினார். நடுவில் அலையலையாக ஒரு கோடு, இரு பக்கமும் நகம் பதிந்த குழிகள். கோடு, வால் இழுத்த தடம். "இன்று காலையில் போனது" என்றார். இருபது அடி தள்ளி அது நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் அது நடப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். முன்கால் ஒன்று, எதிர்ப்பக்கப் பின்கால் ஒன்று என்று உடம்பு முழுவதும் பாம்பு போல நெளிந்து வரும். நாலைந்து அடிக்கு ஒருமுறை நிற்கும். மஞ்சள் கலந்த நாக்கு, நுனியில் இரண்டாகப் பிளந்தது, வெளியே வந்து காற்றைத் தொட்டு உள்ளே போகும். மோப்பம் பிடிப்பது மூக்கால் இல்லை, நாக்கால். நாக்கு கொண்டு போகும் வாசனையை மேலண்ணத்தில் உள்ள உறுப்பு படிக்கிறது. காற்று சாதகமாக இருந்தால் சில கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் பிணத்தையும் கண்டுபிடித்துவிடும். வாயோரத்தில் எச்சில் கயிறு போலத் தொங்கியது. தோல் முழுவதும் சின்னச் சின்ன மணிகள். செதில்களுக்கு அடியில் சின்ன எலும்புத் துண்டுகள் இருக்கின்றன, அதனால்தான் அந்தத் தோலுக்கு அவ்வளவு உறுதி. கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தோல் அசைவது, மூச்சு விடும்போது உஸ்ஸென்று வரும் சத்தம் எல்லாம் அருகில் நின்றால்தான் தெரியும். நாங்கள் யாரும் பேசவில்லை. கால் மணி நேரம் அதோடேயே நின்றோம்.

ரிஞ்சாவில் இன்னும் சில கூடுதல்கள். கொமோடோவில் இல்லாத நீள்வால் குரங்குகள் இங்கே உண்டு. காட்டில் திரியும் எருமைகள் சேற்றில் புரண்டுகொண்டிருக்கும். எருமையை டிராகன் ஒரேயடியாக அடித்து வீழ்த்துவதில்லை. கடித்துவிட்டுக் காத்திருக்கும். முன்பெல்லாம் எச்சிலில் உள்ள கிருமிதான் கொல்கிறது என்றார்கள். 2009இல் வெளியான ஆய்வு, கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டியது. இரத்தம் உறையவிடாமல் செய்யும் நஞ்சு அது. மண்மேடு குவித்து முட்டையிடும் ஒரு வகைக் காட்டுக்கோழி இருக்கிறது. அதன் மேட்டைப் பெண் டிராகன்கள் பறித்துக்கொண்டு தங்கள் முட்டையை இட்டுவிடும். செப்டம்பர் வாக்கில் போனால் அந்த மேட்டில் பெண் ஒன்று தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஏப்ரல் வாக்கில் குஞ்சு பொரிந்ததும் நேரே மரம் ஏறிவிடும். கீழே இருந்தால் பெரியவையே தின்றுவிடும்.

ரிஞ்சாவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். 2020இல் லோ புவாயாவில் பெரிய கட்டுமானம் தொடங்கியது. ஒரு லாரிக்கு எதிரே டிராகன் ஒன்று நிற்கும் படம் அப்போது உலகம் முழுக்கப் பரவி, எதிர்ப்பும் கிளம்பியது. இப்போது அங்கே உயர மேடை நடைபாதையும் பெரிய பார்வையாளர் மையமும் இருக்கின்றன. மேடையிலிருந்து பார்ப்பது வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. ஆனால் தரையில் நடந்து பார்க்க ஆசைப்பட்டவர்கள் மேடையோடு திரும்பினால் ஏமாற்றமாக இருக்கும். நடைப்பயணம் எவ்வளவு தூரம் அனுமதிக்கிறார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. படகு பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சமையலறைப் பக்கம் படுத்துக் கிடக்கும் டிராகன்களைக் காட்டி அவ்வளவுதான் என்று முடித்துவிடவும் சிலர் பார்ப்பார்கள். சாப்பாட்டு வாசனைக்கு வந்து கிடப்பவை அவை. "உள்ளே நடக்க வேண்டும்" என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால் படகை முழுதாக வாடகைக்கு எடுத்தாலும் நாலைந்து பேர் பங்கிட்டால் கையைக் கடிக்காது. வழிகாட்டிக் கட்டணமும் பொதுவாகக் குழுவுக்கு என்ற கணக்குதான். மறைந்திருக்கும் செலவு நேரம்: போக இரண்டு, வர இரண்டு மணி நேரம் டீசல் என்ஜின் சத்தத்திலும் புகையிலும் உட்கார வேண்டும். காதில் வைக்கப் பஞ்சு எடுத்துப் போங்கள். படாரும் இளஞ்சிவப்பு மணலும் கிடைக்காது.

## இரண்டு மூன்று நாள் படகிலேயே தங்கல்

நேரமும் பணமும் உள்ளவர்களுக்கு இதுதான் முழுமையானது. முதல் நாள் ரிஞ்சா, மாலையில் கலோங் தீவு. அங்கே அலையாத்திக் காட்டிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி, சிவந்த வானத்தின் குறுக்கே ஃபுளோரெஸ் பக்கம் பறந்து போகும். இருட்டும் வரை அந்த வரிசை முடியாது. இரண்டாம் நாள் படார், கொமோடோ, மந்தா. மூன்றாம் நாள் பவளப்பாறை.

முக்கியமான லாபம், இரவு தீவருகே நங்கூரம் போட்டுவிடுவதால் காலை ஏழுக்கே கரையில் இறங்க முடியும் என்பதுதான். ஆனால் அது தானாக நடக்காது. பெரும்பாலான படகுகள் சூரிய உதயத்தைப் படாருக்குக் கொடுத்துவிட்டு, டிராகனை மதியத்துக்குத் தள்ளிவிடுகின்றன. இரண்டு தீவுக்கும் போகிறீர்கள் என்றால், ஒன்றிலாவது காலை முதல் இறக்கம் உங்களுக்கு வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். மேல்தளத்தில் மெத்தை போட்டுப் படுக்கும் படகிலிருந்து, குளிரூட்டிய அறைகளோடு பினிசி என்ற பாரம்பரிய இரட்டைப் பாய்மரக் கப்பல் வரை உண்டு. முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து போகும் 'ஓப்பன் டிரிப்' மலிவு. கழிப்பறை எத்தனை பேருக்கு ஒன்று, இரவில் ஜெனரேட்டர் ஓடுமா, உயிர்காப்பு உடை ஆளுக்கு ஒன்று உண்டா, வானொலித் தொடர்பு இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் பணம் கட்டுமுன் துறைமுகத்தில் படகை நேரில் பார்த்துவிடுங்கள். படங்கள் பல சமயம் புதிதாக வண்ணம் அடித்தபோது எடுத்தவை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சோறு, தோஃபு, டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டி, காய்கறி எல்லாம் படகில் கிடைக்கும். ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் 'தெராசி' என்ற இறால் விழுது இருக்கும். "தன்பா தெராசி" என்று சொன்னால் அது இல்லாமல் செய்து தருவார்கள். ஊறுகாய், பொடி எடுத்துப் போனால் மூன்றாம் நாள் நிம்மதி.

## லோம்போக்கிலிருந்து நான்கு நாள்

இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. விமானச் செலவு மிச்சமாகும் என்று இளைஞர்கள் எடுக்கிறார்கள். சும்பாவாவின் வடக்கே திறந்த கடலில், பெரும்பாலும் இரவில், நீண்ட ஓட்டம். 2014 ஆகஸ்டில் இந்தத் தடத்தில் வந்த சுற்றுலாப் படகு ஒன்று சங்கேயாங் தீவுப் பக்கம் மூழ்கியது. பயணிகள் நீந்தியும் மிதந்தும் தப்பினார்கள், இரண்டு பேர் கிடைக்கவில்லை. நல்ல படகுகளும் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. ஆனால் டிராகனோடு கிடைக்கும் நேரம் ஒரே நாள் பயணத்தைவிட அதிகமில்லை. அதற்காக இந்தக் கடலைத் தாண்ட வேண்டியதில்லை.

ஃபுளோரெஸின் மேற்கு, வடக்குக் கரைகளிலும் டிராகன்கள் வாழ்கின்றன. மேற்கே வாய் வூல் என்ற காப்பகம் இருக்கிறது. எண்ணிக்கை குறைவு, வசதி இல்லை, அனுமதி தனியாக வாங்க வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு அது இல்லை. காட்டில்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்குச் சிங்கப்பூர் விலங்கியல் தோட்டமே போதும்.

## ஒரே பார்வையில்

| | வேகப்படகு, ஒரு நாள் | மரப்படகு, ரிஞ்சா | 2–3 நாள் படகு |
|---|---|---|---|
| டிராகன் தரையில் நேரம் | அரை மணி, பெரும்பாலும் வெயிலில் | இரண்டு மணி வரை, காலையில் | பேசி வைத்தால் காலையில், இரண்டு தீவிலும் |
| உடம்புக்கு | குலுக்கல் | சத்தம், புகை | இரவு ஆட்டம், கழிப்பறை |
| விலைப்பட்டியலில் விடுபடுவது | பூங்காக் கட்டணங்கள் | முழுப் படகு வாடகை | கட்டணங்கள், முக்குளிப்புக் கருவி, அன்பளிப்பு |
| யாருக்கு | ஒரு நாள் மட்டும் உள்ளவர் | டிராகனுக்காக வருபவர், வயதானவர் | நேரம் உள்ள நண்பர் குழு |

## கொமோடோவா ரிஞ்சாவா என்று மட்டும் கேட்டால்

டிராகன் எண்ணிக்கை கொமோடோவில் சற்று அதிகம். ஆனால் தீவும் பெரிது. பார்க்கும் வாய்ப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். உடம்பு அளவு, நடத்தை எதிலும் நமக்குத் தெரியும்படி வித்தியாசம் இல்லை. 'கொமோடோவிலேயே கொமோடோவைப் பார்த்தேன்' என்று சொல்லும் ஆசை ஒன்றைத் தவிர, டிராகனுக்காக அதிக தூரம் போகக் காரணம் இல்லை.

ஆனால் கொமோடோவுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை. அங்கே ஒரு ஊர் இருக்கிறது. கால்களின் மேல் நிற்கும் மரவீடுகள், கடலையொட்டி. அந்த மக்கள் டிராகனை 'ஓரா' என்கிறார்கள். முன்னொரு காலத்தில் நாக இளவரசி ஒருத்தி இரட்டைக் குழந்தை பெற்றாள், ஒன்று மனிதப் பிள்ளை, இன்னொன்று ஓரா என்பது அவர்கள் கதை. வேட்டைக்குப் போன அண்ணன் ஈட்டி ஓங்கியபோது தாய் வந்து, "அது உன் உடன்பிறப்பு" என்று தடுத்தாளாம். அந்த ஊர்க்காரர்கள்தான் மரத்தில் டிராகன் செதுக்கி லோ லியாங் கரையில் விற்கிறார்கள். 2019இல் தீவையே மூடப்போவதாகப் பேச்சு எழுந்தது, ஊரையே காலி செய்யச் சொல்வார்கள் என்ற அச்சமும் இருந்தது. பிறகு அது கைவிடப்பட்டது. 2022இல் நுழைவுக் கட்டணத்தை 37.5 லட்சம் ரூபியாவாக உயர்த்தும் அறிவிப்பு வந்தபோது லபுவான் பாஜோவில் சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவும் நின்றுபோனது. கொமோடோவுக்குப் போனால் அவர்களிடம் ஒரு மரச்சிற்பம் வாங்குங்கள். பேரம் பேசினாலும் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

படாரைப் பற்றியும் ஒன்று. அங்கேயும் ஒரு காலத்தில் டிராகன்கள் இருந்தன. கள்ள வேட்டையில் மான்கள் தீர்ந்துபோக, இரை இல்லாமல் அவையும் பல ஆண்டுகள் காணாமல் போயின. அந்த அழகான மலை உச்சியில் நின்று படம் எடுக்கும்போது இது ஞாபகத்துக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

## எப்போது, எச்சரிக்கை என்ன

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை என் முதல் தேர்வு. மலைகளில் பச்சை மிச்சம் இருக்கும், கடலும் அமைதி. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் உச்சம். அது இணை சேரும் காலமும்கூட. பெரிய ஆண்கள் உள்காட்டுக்குள் போய்விடுவதால் வனத்துறை நிலையத்தருகே எண்ணிக்கை குறையும் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். செப்டம்பர், அக்டோபர் வறட்சி, ஆனால் கூடு தோண்டும் காட்சி கிடைக்கலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழையும் அலையும். அலை அதிகமானால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். எந்த மாதமானாலும் திரும்பும் விமானத்துக்கும் படகுப் பயணத்துக்கும் நடுவில் ஒரு நாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் அறை வாடகைதான் இந்தப் பயணத்தில் நீங்கள் போடும் நல்ல முதலீடு.

வழிகாட்டியை விட்டு விலகாதீர்கள். 2017இல் சிங்கப்பூர்ப் பயணி ஒருவர், சுற்றுலாப் பகுதிக்கு வெளியே படம் எடுக்கத் தனியாக நெருங்கிக் காலில் கடி வாங்கினார், பிழைத்துக்கொண்டார். 2007இல் கொமோடோ தீவுச் சிறுவன் ஒருவன் இறந்திருக்கிறான். சோம்பிக் கிடப்பது போல இருந்தாலும் குறுகிய தூரத்துக்கு மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். காயம் இருந்தாலோ மாதவிடாய் நாளாக இருந்தாலோ வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்வார்கள். கூச்சப்பட வேண்டாம், பக்கத்தில் கூடுதலாக ஒருவரை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். ஆடி அசையும் பை, சால்வை, செருப்பு வேண்டாம். சாப்பாடு போடவே கூடாது. முன்பு ஆட்டைக் கட்டிப் போட்டுக் காட்டும் வழக்கம் இருந்தது. அதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. யாராவது ரகசியமாக அப்படி ஏற்பாடு செய்கிறேன் என்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

அம்மா அப்பாவோடு, ஆறு வயதுப் பிள்ளையோடு போகும் நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார். ரிஞ்சா மட்டும், மரப்படகு, மே மாதம் என்றேன். படார் இல்லையே என்று அவர் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். இன்னொரு நாள் இருந்தால் அதற்குத் தனியாக வேகப்படகு எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள் என்றேன். படகுக்காரரிடம் சொல்ல ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்: "பாகி-பாகி கே லோ புவாயா டுலு, யா, பா." விடியற்காலையில் முதலில் லோ புவாயாவுக்கு, சரியா ஐயா, என்று அர்த்தம்.